பிரேக் மிதிக்கிற கால்

முப்பத்தொரு வருடப் பணியில் எனக்குப் புகழ் கிடைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் நான் செய்த தப்புக்குக் கிடைத்தது. சரியாகச் செய்த வேலைகளை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த சிலரும் ஏன் இவ்வளவு லேட் என்றுதான் கேட்டார்கள்.

மருந்தாளுநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் மனதில் பாம்புக்கடி, மழையில் அறுந்துபோன ரோடு, தலைச்சுமையாக வந்த மருந்துப் பெட்டி என்று ஏதாவது இருந்திருக்கும். அதெல்லாமும் நடந்தது. ஆனால் ரிட்டயர் ஆன பிறகும் நான் நினைத்து நினைத்துக் கூசுவது ஒரு சேற்றுப்புண்ணைப் பற்றி. கால்விரல் இடுக்கில் வருமே, அதேதான்.

ஆங்கிலத்தில் இந்த நோய்க்கு ‘அத்லெட்ஸ் ஃபுட்’ என்று விளையாட்டு வீரர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம் சேற்றின் பெயரை வைத்திருக்கிறோம். நான் சொல்லப்போகிற ஏழுமலை பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓடியது கிடையாது. சேற்றில் இறங்குகிற வேலையையும் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். அவர் பஸ் டிரைவர். அவர் காலுக்கு வந்த வினை ஷூவுக்குள்ளிருந்து வந்தது. அந்த ஷூ பயணிகளின் பாதுகாப்புக்காக வாங்கப்பட்டது.

அப்போது ஜவ்வாது மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். வீடு ஆலங்காயத்தில். காலை வண்டியில் மலையேறுவேன், சாயங்காலம் அதே வண்டியில் இறங்குவேன். இரண்டு வேளையும் ஏழுமலைதான் டிரைவர். நாற்பத்தைந்து வயது, அடிவாரத்துக்காரர், குரல் பெரிசு. எஞ்சின் சத்தத்தை மீறிக் கடைசி சீட்டுக்காரரோடு பேச அவரால் முடியும். இந்தக் குரல்தான் பின்னால் எனக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது.

எங்கேயோ ஒரு சோதனையில் ஒரு டிரைவர் ரப்பர் செருப்போடு வண்டி ஓட்டியதாக எழுதிவிட்டார்களாம். அன்றிலிருந்து தன் வண்டி டிரைவர்கள் எல்லோரும் கறுப்பு ஷூ போட வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். ஏழுமலை வாங்கியது ரெக்ஸின் ஷூ, நைலான் சாக்ஸ். விடிகாலையில் வண்டியைக் கழுவுவார். கழுவிய ஈரக்காலை அப்படியே சாக்ஸுக்குள் நுழைப்பார். பிறகு எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் வரை அந்தக் கால் வெந்துகொண்டிருக்கும். மழை நாளில் சாக்ஸ் காயாது. காயாததையே மறுநாளும் மாட்டிக்கொள்வார். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு யாரும் கட்டித் தர முடியாது.

ஒருநாள் வண்டி மேலே நின்றதும் நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

“மேடம், கொஞ்சம் வெளிய வாங்களேன்.”

“இன்னாப்பா, க்யூ நிக்குது.”

“காலு மேடம். பிரேக்க மிதிக்கிறப்பெல்லாம் வெரல் நடுவுல நெருப்பு வெச்ச மாதிரி கீது. ஷூவோட தேய்ச்சி தேய்ச்சி ஓட்டினு வர்றேன்.”

ஷூவைக் கழற்றினார். வாடை க்யூவில் நின்றவர்களை இரண்டடி பின்னால் தள்ளியது. நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து ஊறி, பிளந்து, ஓரத்தில் சிவந்திருந்தது. பார்த்தவுடன் தெரிகிற நோய்.

டாக்டர் பணியிடம் அப்போது காலி. வேறு நிலையத்து டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்துபோவார், அன்று அவர் வருகிற நாளில்லை. பூஞ்சைக்கான களிம்பு எங்கள் இருப்பில் தீர்ந்து, கேட்டு எழுதியிருந்தோம், வரவில்லை. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். காலைக் கழுவிவிட்டு விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள், சாக்ஸை மாற்றுங்கள், நாளை மறுநாள் டாக்டர் வருவார், வந்து காட்டுங்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அந்தப் பக்கம் கண்டக்டர் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் க்யூ. ஒரு மனிதர் வலியோடு வந்து கேட்கும்போது துணியால் ஒற்றுங்கள் என்று சொல்லி அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்தக் கூச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வரும்.

ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஒரு ட்யூபின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மூன்று மருந்து ஒன்றாகக் கலந்தது. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அரிப்பையும் சிவப்பையும் அமுக்க வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. அதை எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஆதாரம் இருந்தது. என் கொழுந்தனார் அதே ட்யூபைப் போட்டு மூன்று நாளில் நல்லாகியிருந்தார். இரண்டு வருடம் மருந்தியல் படித்துச் சான்றிதழ் வாங்கியவள், கொழுந்தனார் காலை வைத்து முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் காலை நான் பஸ்ஸில் ஏறியதும் ஏழுமலை சீட்டிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

“தெய்வம் மேடம் நீங்க! ரெண்டே நாளு. அரிப்பு பறந்து பூட்ச்சி. யோவ், எல்லாரும் கேட்டுக்கங்க, படை, அரிப்பு, சேத்துப்புண்ணு எது இருந்தாலும் மேடத்துகிட்ட கேளுங்க. சொம்மா பேரு எழுதிக் குடுப்பாங்க, கீழ மெடிக்கல்ல வாங்கிக்க வேண்டியதுதான்!”

பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கண்டிக்கவில்லை. சிரித்தேன். முன் சீட்டில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அது என் சீட்.

இன்னும் ஐந்தாறு பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எழுதிக் கொடுக்கக்கூடத் தேவைப்படவில்லை. ட்யூப் பெயர் மலையில் தானாகப் பரவியது. பெயர் வாயில் நுழையாதவர்கள் “டாக்டரம்மா ட்யூபு” என்று கேட்டு வாங்கினார்கள். மலையில் மருந்து கொடுப்பவர்கள் எல்லோரும் டாக்டரம்மாதான். விநாயகர் சதுர்த்திக்குக் கீழே மெடிக்கல்காரர் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மைசூர்பாகு நன்றாகவே இருந்தது.

பிறகு எங்கள் நிலையத்துக்கு நிரந்தரமாக ஒரு டாக்டர் வந்தார். திருப்பத்தூர் பக்கத்துப் பெண், என் மகள் வயசு. படித்து முடித்து முதல் வேலை. என்னை அக்கா என்று கூப்பிட்டார். வந்த ஒரு மாதத்துக்குள் ஒருநாள் மருந்தறைக்கு வந்து நின்றார்.

“அக்கா, இங்க படர்தாமரை ஏன் இப்படி கீது? புஸ்தகத்துல இருக்கிற மாதிரி வட்டமாவே இல்ல. ஓரம் மங்கி, அங்கங்க பருவு மாதிரி, ஒடம்பு முழுக்கப் பரவியிருக்கு. தோலு சிலருக்கு மெலிசாயி வரி வரியா வுட்டிருக்கு. எதுனா ட்யூப் வாங்கிப் போடறாங்களா?”

ஸ்டீராய்டு கலந்த ட்யூப் என்ன செய்யும் என்று நான் படித்திருக்கிறேன். அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். உடம்பு பூஞ்சையோடு சண்டை போடுவதைத்தான் நாம் அரிப்பு என்று உணர்கிறோம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்தி வைக்கும். கூட இருக்கிற பூஞ்சை மருந்தை இரண்டு மூன்று நாளில் யாராக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் அரிப்பு போய்விட்டதே. பூஞ்சை நிம்மதியாக வேரூன்றும். திரும்ப அரிக்கும். திரும்ப ட்யூப். ஒவ்வொரு சுற்றிலும் இடம் பெரிதாகும்.

இவ்வளவும் தெரிந்த நான் டாக்டருக்குச் சொன்ன பதில் இது: “மலை ஜனங்கதானேங்க. சோப்பு போட்டு எங்க குளிக்கிறாங்க? சுத்தம் பத்தாது.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். “அவங்க தினம் ரெண்டு வேளை ஓடையில குளிக்கிறாங்க அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தவறை மறைக்க வேண்டியிருந்தால் நோயாளியின் அழுக்கைக் காட்டுவது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற வசதி. பயன்படுத்திய பிறகுதான் அதன் நாற்றம் தெரியும்.

ஐப்பசி மழை. மாதாந்திர மருந்து எடுத்துவர நான் திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போக வேண்டும். பதினொரு மணி வண்டி கீழே இறங்குகிற நேரம். வண்டி நிறைய ஆட்கள், ஆட்கள் மடியிலும் காலடியிலும் சீத்தாப்பழக் கூடைகள். நான் என் புகழ் பெற்ற சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கோவிந்தம்மா என்கிற பெண், இரண்டு கூடைப் பழத்தோடு. அன்றைக்கே விற்றாக வேண்டிய பழுத்த பழம்.

ஏழுமலை வழக்கம்போலப் பேசவில்லை. முதலில் அதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் கழுத்தைப் பார்த்தேன். மழைக் குளிரில் எல்லோரும் துண்டைப் போர்த்தியிருக்க அவருக்கு வியர்த்தது, கூடவே தோள் நடுங்கியது. எட்டிக் கீழே பார்த்தேன். இடது காலில் ஷூ. வலது காலில் ஷூ இல்லை, ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். பிரேக்கை முன்பாதத்தால் மிதிக்காமல் குதிகாலால் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் முகம் கோணியது.

“இன்னாப்பா கால்ல?”

“ஒண்ணும் இல்ல மேடம். ரெண்டு நாளா கொஞ்சம் வீங்கிகினு கீது. ட்யூபு போட்டுகினுதான் இருக்கேன். இப்ப மூணு வேளையும் போடறேன்.”

“இன்னுமா போடற?”

“நிறுத்தினா அரிப்பு வந்துடுது. நீங்க குடுத்ததாச்சே, நாலு மாசமா அதான் ஓடுது. தொடை இடுக்கு வரைக்கும் பரவிட்ச்சி, அங்கயும் அதத்தான் போடறேன்.”

பெரிய குரல்காரர், அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார். இருந்தும் கோவிந்தம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் முதல் கவலை அதுவாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அவர் கையைத் தொட்டேன். கொதித்தது. துண்டு விலகிய இடத்தில் புறங்கால் பளபளவென்று சிவந்து, கணுக்காலுக்கு மேலும் சிவப்பு ஏறியிருந்தது. விரல் இடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்க் காலுக்குள் பரவிக்கொண்டிருந்தது. இந்தக் காலை நம்பி ஐம்பது பேர் மலையிறங்கிக்கொண்டிருந்தோம்.

வண்டியை நிறுத்து என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் ஏழுமலை ட்யூபைப் பற்றிச் சொல்வார். இன்னும் ஐந்தாறு வளைவுதானே, அடிவாரம் வந்ததும் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு வளைவு போயிற்று. இன்னொன்று போயிற்று. இரண்டு வளைவு நேரம் என் பெயரை ஒரு பக்கமும் ஐம்பது உயிரை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு என் பக்கம் சாய்ந்திருந்தது.

மூன்றாம் வளைவில் எதிரே ஒரு பால் வண்டி வந்தது. ஏழுமலை பிரேக்கை மிதித்தார், வலியில் குதிகால் நழுவியது. வண்டி நிற்காமல் ஓரமாகப் போய், முன் சக்கரம் ரோட்டை விட்டு ஈர மண்ணில் இறங்கியது. கூடைகள் சரிந்தன. பின்னால் யாரோ சாமி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஏழுமலை இரண்டு காலையும் சேர்த்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. ஜன்னலுக்கு வெளியே தடுப்புக் கல் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரிந்தது.

பால் வண்டிக்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். ஏழுமலை மறுபடி கியரில் கை வைத்தார்.

“நிறுத்துப்பா” என்றேன். “எஞ்சினை ஆஃப் பண்ணு. இனிமே நீ ஓட்டக்கூடாது.”

“அடிவாரம் தோ வந்துடும் மேடம்.”

“ஆஃப் பண்ணுன்றேன்.”

சாவியை நானே பிடுங்கிவிட்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு வேகம் வரும் என்று எனக்கே தெரியாது.

பஸ்ஸுக்குள் கேள்விகள் கிளம்பின. கண்டக்டர் பின்னாலிருந்து ஓடி வந்தார். “மேடம், ஓனருகிட்ட யாரு பதில் சொல்றது?” கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிற ஒருவர். எல்லோரையும்விடக் கோவிந்தம்மாதான் சண்டைக்கு வந்தார்.

“இன்னாம்மா நீ! டிரைவருக்குக் காலு வலின்னா அவுரு பாத்துக்கறாரு. எம் பழம் இன்னிக்கிப் போவலன்னா கொட்டத்தான் வேணும். நீ வந்து வாங்கிப்பியா?”

அவருக்கு ஜுரம், ஓட்டினால் ஆபத்து என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னதே எனக்குப் பெரிய தைரியமாகத் தோன்றியது. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே சிக்னல் கிடையாது. கண்டக்டர் மழையில் இரண்டு வளைவு மேலே நடந்துபோய் எங்கள் நிலையத்துக்குப் போன் செய்தார்.

டாக்டர் எங்கள் ஜீப்பில் வந்தார். துண்டை அவிழ்த்துப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

“திருப்பத்தூர் போறோம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாத்துகினே வாங்க அக்கா.”

ஜீப்பில் ஏழுமலை படுத்திருக்க நான் அவர் காலருகே உட்கார்ந்தேன். ஊசி போட்டுவிட்டு டாக்டர் கேட்டார், “கால்ல இன்னா போட்டுகினு இருந்தீங்கண்ணா?”

ஏழுமலை என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். “மெடிக்கல்ல கேட்டேங்க. கடைக்காரன் எதோ ட்யூபு குடுத்தான்.”

பஸ் முழுக்கக் கேட்கும்படி என் பெயரைச் சொன்னவர், ஜுரத்தில் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போது, என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தார். நான் கோட்டைப் பார்த்தேன். அடிவாரம் வந்தோம். ஆலங்காயம் தாண்டினோம். எனக்கு அது நல்ல வசதியாக இருந்தது. கடைக்காரர் யாரோ எங்கேயோ இருக்கிறார், கேட்க மாட்டார். ஸ்வீட் பாக்ஸ் வேறு கொடுத்திருக்கிறார்.

பிறகு கோட்டுக்கு வெளியே சிவப்பு தெரிந்தது. முதலில் ஒரு நூல் அளவு. வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு விரல் அளவு. இனி வெளிச்சம் என்று சொல்ல முடியாது.

“டாக்டர், தாண்டிட்ச்சிங்க” என்றேன். அந்த வார்த்தையோடு மற்றதும் வந்துவிட்டது. “கடைக்காரர் குடுக்கலீங்க. நான்தான் பேரு எழுதிக் குடுத்தேன். ஸ்டீராய்டு கலந்தது. நாலு மாசமா போட்டுகினு இருக்காரு. நீங்க அன்னிக்குக் கேட்டப்பவே எனக்குத் தெரியும்.”

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ட்யூபின் பெயரைக் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரே கேள்வி கேட்டார்.

“எத்தினி பேருக்கு அக்கா?”

நான் எழுதிக் கொடுத்தது ஐந்தாறு பேருக்கு. பஸ் எழுதிக் கொடுத்தது எத்தனை பேருக்கு என்று யாருக்குத் தெரியும்?

திருப்பத்தூரில் ஏழுமலையைச் சேர்த்தார்கள். சோதித்ததில் சர்க்கரை இருந்தது. அவருக்கே தெரியாது, நானும் அன்றைக்கு ஜன்னலில் கேட்கவில்லை. கால் போய்விடுமோ என்று மூன்று நாள் அவர் மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கப் போனபோது எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். வண்டியை நிறுத்திக் காப்பாற்றியவள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். “அப்பிடின்னா நீங்க ராத்திரிச் சாப்பாடாவது கொண்டாந்து குடுங்க மேடம், எனக்கு வூட்டுக்குப் போய்ட்டு வரணும்” என்றார். நான் பார்த்த தண்டனைகளில் நியாயமானது அது. பத்து நாள் கொண்டுபோனேன்.

கால் தப்பித்தது. மேலிடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கத்துக்குப் பதிலாக ஒரு குறிப்பாணை, அதாவது மெமோ, வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அதைவிடக் கஷ்டமான வேலை ட்யூபைத் திரும்ப வாங்குவது.

தினமும் காலை பஸ்ஸில் நின்று சொன்னேன். அந்த ட்யூபை நான்தான் சொன்னேன், தப்பாகச் சொல்லிவிட்டேன், போடாதீர்கள், நிலையத்துக்கு வந்து டாக்டரிடம் காட்டுங்கள். புகழ் கிடைக்க ஒரு காலை போதுமாயிருந்தது. தப்பை ஒப்புக்கொள்ள மூன்று மாதமாகியும் நம்ப ஆளில்லை. “புது டாக்டரம்மா பொறாமைல சொல்லக்கூடாதுன்னுட்டாங்க போல” என்று பின் சீட்டில் பேசிக்கொண்டார்கள். “நல்ல மருந்துன்னாலே கவர்மெண்டுல நிறுத்திடுவான்” என்றார் ஒருவர். சரி, இவர்கள் நிறுத்தாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றிய நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் தடுப்புக் கல்லை நினைத்துக்கொள்வேன்.

நம்பி வந்த முதல் ஆள் கோவிந்தம்மா. நம்பி என்று சொல்வது கூடுதல். சண்டை போட வந்தார். ஜன்னல் கம்பி வழியாக ஒரு ட்யூபைத் தூக்கிப் போட்டார்.

“இந்தா உன் ட்யூபு. எம் பழமும் போச்சு, காலும் போச்சு. இப்ப இன்னா குடுப்ப?”

காட்டினார். இரண்டு காலிலும் விரல் இடுக்கு, அங்கிருந்து பாதத்தின் விளிம்பு வரை செதில். டாக்டர் செதிலைச் சுரண்டிச் சோதனைக்கு எடுத்தார், பூஞ்சைதான். சாதாரணக் களிம்பை எழுதினார். இருப்பு இப்போது இருந்தது. நான் எடுத்துக் கொடுத்து, ஏழுமலையிடம் சொல்லக் கூசியதைக் கோவிந்தம்மாவிடம் சொன்னேன். ஓடையிலிருந்து வந்ததும் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றுங்கள். அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது, வெயிலில் காயவேண்டும். காலையும் இரவும் களிம்பு. அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் விடாமல் போடுங்கள். மொத்தம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முதலில் அரிப்பு கூடும், பயப்படாதீர்கள், பழைய ட்யூபை நிறுத்தியதால் வருவது.

“ஒரு மாசமா? முன்ன ரெண்டு நாள்ல போச்சே?”

“போவல. ஒளிஞ்சிகினு இருந்துச்சி.”

ஒவ்வொரு வாரமும் வந்து திட்டினார். முதல் வாரம் அரிப்பு தாங்கவில்லை என்று. இரண்டாம் வாரம் இது மருந்தே இல்லை, சுண்ணாம்பு என்று. மூன்றாம் வாரம் சும்மா வந்து நின்று, இன்னும் முழுசாகப் போகவில்லை என்றார். நான்காம் வாரமும் வந்தார், களிம்பை வாங்கிக்கொண்டு திட்டாமலே போனார். ஐந்தாம் வாரம் வரவில்லை. ஆறாவது வாரமும் வரவில்லை.

மறுபடி மெடிக்கலுக்குப் போய்விட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஏழுமலையைக் கேட்டேன். அவர் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்து முதலாளி பின்பட்டை வைத்த செருப்புக்குச் சம்மதித்திருந்தார். ஏழுமலையின் காலும் ஆறிக்கொண்டிருந்தது, மெதுவாக. அதைப் பற்றி அவர் பஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“இன்னான்னு மேடம் சொல்றது? காலைத் தொடைச்சேன், ஆறுச்சின்னா? சிரிப்பாங்க.”

கோவிந்தம்மாவைப் பார்த்தாயா என்றேன். பார்க்கவில்லை என்றார். மத்தியானம் மருந்தறையைப் பூட்டிக்கொண்டு கோவிந்தம்மாவின் கிராமத்துக்கு நடந்தேன். மூன்று மைல், மேடும் ஓடையுமாக. போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். திட்டக்கூடாது, பயமுறுத்தக்கூடாது, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று சொல்ல வேண்டும்.

கோவிந்தம்மா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் காலைப் பார்த்தேன். மண் ஒட்டியிருந்தது. உட்கார்ந்து, விரலைப் பிரித்துப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. வெடிப்பு மூடி, செதில் உதிர்ந்து, சாதாரணமான, வேலை செய்கிற ஒரு கால்.

“ஏம்மா வரல நீ?”

“ஆறிப்போச்சே. அப்பறம் இன்னாத்துக்கு வரணும்?”

“கடைசி ரெண்டு வாரம் மருந்து போட்டியா?”

“போடச் சொன்னியே, போட்டேன். களிம்பு தீர்ந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

அவ்வளவுதான். நன்றி, வணக்கம், தெய்வம் எதுவும் இல்லை. அவர் பாட்டுக்குக் களையைப் பிடுங்கினார். நான் வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று மைல் நடந்து வந்து, என் உதவி இனி தேவையில்லை என்று தெரிந்துகொண்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது கோவிந்தம்மா கூப்பிட்டார்.

“டாக்டரம்மா, எங்க மாட்டுக்குக் குளம்பு நடுவுல புண்ணு வந்து நொண்டுது. அதுக்கு எதுனா ஒரு பேரு எழுதிக் குடேன்.”

என் பையில் பேனா இருந்தது. துண்டுச் சீட்டும் இருந்தது. மாட்டின் காலுக்கு என்ன போடுவார்கள் என்று எங்கேயோ கேட்டது மாதிரி ஒரு பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “மாட்டு டாக்டர் வியாழக்கிழமை வருவாரு. இட்டுனு போய்க் காட்டு.”

கோவிந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா டாக்டரம்மா நீ? ஒண்ணுமே தெரியலன்ற.”